ஆறு கடி இலை

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. சித்திரை மாதம் அது வற்றிவிடும். வற்றிய குளத்தின் நடுவில் மிருகங்கள் சடுகுடு ஆடும். அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு மேற்குக் கரை அணியும் கிழக்குக் கரை அணியும் வந்திருந்தன.

குளத்தின் உட்பக்கம் ஐந்து படிகள். ஒரு படியில் அறுபது பேர் உட்காரலாம். ஆக மொத்தம் முந்நூறு இடங்கள். முந்நூற்று ஒன்றாவதாக ஒருவர் உட்கார்ந்தாலும் கரை சரிந்துவிடும். போன வருடம் அப்படித்தான் ஒரு காட்டெருமை கூடுதலாக உட்கார்ந்து, பதினான்கு பேர் ஆடுகளத்தில் உருண்டு விழுந்தார்கள்.

ஆகவே ஆமை அனுமதி இலை கொடுக்கத் தொடங்கியது. பூவரசு இலை. முதல் படிக்கு இலையின் ஓரத்தில் ஒரு கடி. இரண்டாம் படிக்கு இரண்டு கடி. ஐந்தாம் படிக்கு ஐந்து கடி. கடியைக் கூட்டலாம், குறைக்க முடியாது. பின்படிக்காரர் முன்படிக்குத் திருட்டுத்தனமாக வர முடியாது. ஆமை இதை மூன்று நாள் யோசித்துக் கண்டுபிடித்தது.

"ஒரு வீட்டு வாசலுக்கு ஓர் இலை! அதற்கு மேல் கிடையாது!" என்று ஆமை அறிவித்தது.

எல்லா மிருகங்களும் வரிசையில் நின்றன. வரையாடு மரிக்கொழுந்தும் நின்றது. அதற்கு மூன்று கடி இலை கிடைத்தது. மூன்றாம் படியில் நடு இடம். மரிக்கொழுந்துக்கு மிகுந்த மகிழ்ச்சி. அதன் மகன் துடியன் மேற்குக் கரை அணியில் ஏழாவது ஆள். துடியனுக்கு அதுதான் முதல் ஆட்டம்.

துடியன் நன்றாக ஓடும். நன்றாகத் துள்ளும். ஒரே ஒரு குறை. சடுகுடு பாடிக்கொண்டு எதிரிக் களத்துக்குள் போனால், பயத்தில் மூச்சு விட்டுவிடும். மூச்சு விட்டால் ஆட்டம் போச்சு.

"அம்மா, நீ எங்கே உட்காருவே?" என்று துடியன் கேட்டது.

"மூணாவது படி. நட்ட நடுவிலே."

"பாடிப் போகும்போது உன்னைப் பார்த்துக்கிறேன். உன் முகத்தைப் பார்த்தா எனக்கு மூச்சு தாங்கும்."

"பாருடா கண்ணு! நான் கண் கொட்டாம உன்னையே பார்த்துக்கிட்டு இருப்பேன்."

அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கடமான் வடிவு எதிரே வந்தது. அதன் வாயிலும் ஓர் இலை இருந்தது. மரிக்கொழுந்து அந்த இலையை உற்றுப் பார்த்தது.

ஒரே ஒரு கடி!

வடிவின் மகன் மருதனும் அதே அணிதான். துடியன் ஏழாவது ஆள், மருதன் முதல் ஆள். இப்போது இலையிலும் வடிவு முதல் படி!

"உனக்கு எப்படி ஒரு கடி கிடைச்சுது?" என்று மரிக்கொழுந்து கேட்டது.

"விடியறதுக்குள்ளே போய் நின்னேன். எனக்கு முன்னாலே எட்டுப் பேருதான்" என்றது வடிவு. "உனக்கு எத்தனை?"

"எத்தனையா இருந்தா உனக்கென்ன!" என்று மரிக்கொழுந்து வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தது.

அன்று முழுவதும் அதற்குப் புல் இறங்கவில்லை. தன்னிடம் இருந்த மூன்று கடியையும் எண்ணி எண்ணிப் பார்த்தது. எத்தனை முறை எண்ணினாலும் மூன்றுதான் வந்தது.

ஆட்ட நாள் வந்தது. வெயில் தாழ்ந்ததும் குயில் கூவும். குயில் கூவினால் ஆட்டம் தொடங்கும். இன்னும் நேரம் இருந்தது. வாசலுக்கு வெளியே ஒரு காரைப் புதர். புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"முதல் படி! முதல் படி! ஒரு கடி இலை!"

அது பெருச்சாளி. பெருச்சாளிக்கு இருபத்து நான்கு வளைகள். ஒவ்வொரு வளைக்கும் ஒரு வாசல். ஒரு வாசலுக்கு ஓர் இலைதானே? ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு மச்சானையோ ஒரு சித்தப்பாவையோ வரிசையில் நிறுத்தி, இருபத்து நான்கு இலைகளையும் வாங்கிவிட்டது. ஆமை யோசித்த மூன்று நாளில் இது மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

"வாங்கக்கா, வாங்க! உங்களுக்கு எந்தப் படி?" என்று பெருச்சாளி குழைந்தது.

"மூணாவது."

"ஐயோ, பாவமே!"

"என்ன பாவம்?"

"ஒண்ணுமில்லக்கா. ரெண்டாவது படியிலே நாலு காட்டெருமை உட்காரப் போகுது. நாலும் உங்களுக்கு நேர் முன்னாலே. உங்களுக்கு முதுகு தெரியும், வால் தெரியும். ஆட்டம் தெரியாது."

இது பொய். காட்டெருமைகள் நான்கும் ஐந்தாம் படியில் இருந்தன. ஆனால் மரிக்கொழுந்து விசாரிக்கவில்லை.

"முதல் படி என்ன விலை?"

"நாலு கட்டி உப்பு."

மரிக்கொழுந்து திடுக்கிட்டது. மழைக்காலத்தில் மலைமேல் உள்ள உப்புப் பாறை வழுக்கும். யாரும் ஏற முடியாது. அதற்காகத் தை மாதத்திலிருந்து அது சுரண்டிச் சுரண்டிப் பதினோரு கட்டி சேர்த்திருந்தது. அதையும் துடியனையும் சேர்த்து வீட்டில் மூன்று பேர். அந்த உப்பு மழை முழுவதும் வரவேண்டும்.

"நாலு கட்டியா! வேண்டாம்பா. நான் மூணாவது படியிலேயே பார்த்துக்கிறேன்."

அது திரும்பி இரண்டு அடி வைத்தது. பெருச்சாளி பின்னாலிருந்து, யாரிடமோ பேசுவதுபோல் சொன்னது: "கடமான் வடிவம்மா இப்பத்தான் இந்தப் பக்கமாப் போனாங்க. என்ன நடை! என்ன மிடுக்கு! முதல் படின்னா சும்மாவா? அவங்களுக்குப் பக்கத்து இடம்தான் என்கிட்ட இருக்கு. யாருக்குக் கொடுத்து வெச்சிருக்கோ!"

மரிக்கொழுந்து திரும்பி வந்தது.

"வடிவுக்குப் பக்கத்திலேயா?"

"தோளோடு தோள் ஒட்டி! ஆனா அதுக்கு ஏழு கட்டி."

"இப்பத்தானே நாலுன்னு சொன்னே?"

"நாலு சாதா முதல் படிக்கு. இது வடிவம்மா பக்கத்து முதல் படி. வேண்டாம்னா விடுங்கக்கா. துடியனோட அம்மா பின்னாலே, மருதனோட அம்மா முன்னாலே. அவங்கவங்க கொடுப்பினை அவ்வளவுதான்."

"சரி, ஏழு!"

"வடிவம்மாவுக்கு வலது பக்கம் வேணுமா, இடது பக்கம் வேணுமா?"

"வலது பக்கம்."

"வலது பக்கம்னா ஒன்பது."

"அவளுக்கு ஒரு அடி முன்னாலே இடம் இருக்கா?"

பெருச்சாளி மீசையைத் தடவியது. அந்த மாதிரி இடமே கிடையாது. "இருக்கு. பதினொண்ணு" என்றது.

இருந்த பதினோரு கட்டிகளும் போகும் என்பது மரிக்கொழுந்துக்குத் தெரியும். ஆனால் அப்போது அதன் கண்ணுக்கு முன்னால் உப்பு இல்லை. வடிவு மட்டும் இருந்தது. மரிக்கொழுந்து மலையடியில் உப்பு வைத்திருந்த பாறையிடுக்குக்கு ஓடியது. முதல் நடையில் நான்கு கட்டி. இரண்டாம் நடையில் நான்கு கட்டி. மூன்றாம் நடையில் மூன்று கட்டி. மூன்றாம் நடையில் வடிவு எதிரே வந்துவிட்டது.

"மரிக்கொழுந்து! எதுக்கு உப்பைத் தூக்கிக்கிட்டு ஓடுறே? அந்தப் பெருச்சாளிக்கா?"

மரிக்கொழுந்து உப்பைக் கீழே வைத்தது. "ஆமாம். அதுக்கென்ன?"

"கொடுக்காதே. குயில் கூவற வரைக்கும்தான் அவன் ஆட்டம். கூவிட்டா அவன் இலையை யாரு வாங்குவா? அரைக் கட்டி கொடு, கால் கட்டி கொடுன்னு அவனே பின்னாலே ஓடி வருவான். அதுவும் உன்கிட்டத்தான் இலை இருக்கே! அதுலே போய் உட்காரு. பையன் உன்னைத் தேடுவான்."

நல்ல வார்த்தைதான். ஆனால் மரிக்கொழுந்தின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. 'நான் இவளுக்கு முன்னாலே உட்காரக் கூடாதாம்! அதுக்குத்தான் இவ்வளவு அக்கறை!'

"உன் வேலையைப் பாரு வடிவு!" என்று சொல்லிவிட்டு உப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது.

பெருச்சாளி பதினொன்றையும் எண்ணி வாங்கியது. பிறகு கேட்டது: "அக்கா, அந்த மூணு கடி இலை?"

"அது என்னோடது."

"ஒரு வாசலுக்கு ஓர் இலைக்கா. ரெண்டு இலையோட போனா ஆமை ரெண்டையும் பிடுங்கிக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அதை என்கிட்டக் கொடுத்துட்டு நிம்மதியாப் போங்க."

மரிக்கொழுந்து கொடுத்துவிட்டது. ஒரு கடி இலையை வாயில் கவ்விக்கொண்டு வாசல் வரிசையில் போய் நின்றது. முன்னால் பதினேழு பேர். வரிசையின் தலையில் வடிவு நின்றது.

ஆட்டுக்குக் கை கிடையாது. இலையை வாயில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மரிக்கொழுந்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வயிறு எரிந்தால் வாய் தானாக அசையும்.

அப்போது மேற்குக் கரை அணியின் தலைவன் காட்டுப்பன்றி வெளியே வந்தது. "வடிவம்மா! இன்னைக்கு முதல் பாட்டு உங்க மருதன்தான்! அவன்தான் முதல்ல பாடிப் போகப் போறான்!" என்று உரக்கச் சொன்னது.

மரிக்கொழுந்துக்கு வயிறு எரிந்தது. வாய் அசைந்தது. நறுக்!

"உங்களுக்குக் கோரைப் புல் பரப்பச் சொல்லியிருக்கேன். சௌகரியமா உட்காருங்க" என்றது காட்டுப்பன்றி.

நறுக்!

பக்கத்தில் நின்ற மயில் கழுத்தை நீட்டியது. "மருதனுக்கு அப்படியே உங்க கண்ணு வடிவம்மா! அந்தக் கண்ணைப் பார்த்தே எதிரி பயந்துடுவான்!"

நறுக்!

வடிவு உள்ளே போகுமுன் திரும்பியது. மரிக்கொழுந்தைப் பார்த்துச் சிரித்தது. சீக்கிரம் வா என்று தலையை ஆட்டியது.

நறுக்! நறுக்!

வரிசை நகர்ந்தது. மரிக்கொழுந்து வாசலுக்கு வந்து, இலையை ஆமையின் முன் வைத்தது.

ஆமை நிதானமாக எண்ணியது. "ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு."

"என்ன ஆறு?" என்றது மரிக்கொழுந்து.

"ஆறு கடி. ஆறாம் படி கிடையாது. தள்ளி நில்லும்மா."

மரிக்கொழுந்து குனிந்து பார்த்தது. அதன் நாக்கில் பூவரசின் கசப்பு அப்போதுதான் தெரிந்தது.

"ஐயோ! ஆமை அண்ணா! இது ஒரு கடி இலைதான்! மத்த அஞ்சும் நானே கடிச்சது! நல்லாப் பாருங்க, ஒண்ணு உங்க கடி, அஞ்சு என் கடி!"

"யார் கடித்தது என்று பார்ப்பது என் வேலை இல்லை. எத்தனை கடி என்று எண்ணுவதுதான் என் வேலை. ஐந்து கடியோடு நிறுத்தியிருந்தால்கூட ஐந்தாம் படிக்கு விட்டிருப்பேன்."

"அண்ணா, இன்னைக்கு என் மகனோட முதல் ஆட்டம்!"

ஆமை தலையை நீட்டி மரிக்கொழுந்தை உற்றுப் பார்த்தது. "இரு, இரு. உனக்கு நான் கொடுத்தது மூன்று கடி இலை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது எங்கே? இது யார் இலை?"

 வரிசையில் பின்னால் நின்ற குரங்கு கத்தியது: "வாசலைத் தின்னாம விட்டியேன்னு சந்தோஷப்படு! நகரு, நகரு!" வரிசை முழுவதும் சிரித்தது.

மரிக்கொழுந்து காரைப் புதருக்கு ஓடியது. "என் மூணு கடி இலையைக் கொடு! அது போதும்!"

"அதை அப்பவே முள்ளம்பன்றிக்கு ரெண்டு கட்டிக்கு வித்துட்டேனேக்கா" என்றது பெருச்சாளி.

அந்த நேரத்தில் குயில் கூவியது. ஆட்டம் தொடங்கிவிட்டது. பெருச்சாளியின் குரல் சட்டென்று மாறியது. "முதல் படி அரைக் கட்டி! இரண்டாம் படி கால் கட்டி! வாங்க, வாங்க! சும்மா ஒரு நக்கு உப்பு கொடுத்தாலும் போதும்!"

"எனக்குக் கொடு!" என்றது மரிக்கொழுந்து.

"ஒரு நக்கு உப்பு?"

மரிக்கொழுந்திடம் ஒரு துகள்கூட இல்லை. அதன் பதினோரு கட்டிகளும் பெருச்சாளியின் காலடியில் குவிந்து கிடந்தன. "அதிலேயிருந்து ஒரு நக்கு எடுத்துக்கோயேன்" என்று கெஞ்சியது.

"அது என் உப்புக்கா" என்று பெருச்சாளி மரியாதையாகச் சொன்னது.

மரிக்கொழுந்து கரைக்கு வெளியே நின்றது. கரை உயரம். உள்ளே எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. முதலில் மருதன் பாடிப் போனது. கூட்டம் ஆரவாரம் செய்தது. மருதன் இரண்டு பேரை அடித்துத் திரும்பியதாகக் குரங்குகள் கத்தின. மரிக்கொழுந்து பல்லைக் கடித்தது.

ஒருவர் பின் ஒருவராகப் பாடிப் போனார்கள். ஏழாவதாக ஒரு மெல்லிய குரல் கேட்டது. "சடுகுடு சடுகுடு சடுகுடு..." துடியனின் குரல்!

மரிக்கொழுந்து காதை விடைத்தது. குரல் கோட்டைத் தாண்டியது. எதிரிக் களத்துக்குள் போனது. "சடுகுடு சடுகுடு சடு..."

நின்றுவிட்டது.

கூட்டம் "அடடா!" என்றது.

கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாக வடிவு வேகமாக வெளியே வந்தது.

"மரிக்கொழுந்து! இங்கேயா நிக்கிறே? துடியன் மூணாவது படியைப் பார்த்தான். அங்கே முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்துச்சு. பையன் அப்படியே மூச்சு விட்டுட்டான். அவனை வெளியே உட்கார வெச்சிருக்காங்க. எதிரணியிலே ஒருத்தன் விழுந்தா துடியன் மறுபடி உள்ளே வந்துடுவான். இந்தா, என் இலையை எடுத்துக்கோ! ஓடு!"

வடிவு தன் இலையைக் கல்லின் மேல் வைத்தது. ஒரே ஒரு கடி.

"நீ?" என்று கேட்டது மரிக்கொழுந்து.

"நான் மருதன் ஆடினதைப் பார்த்துட்டேன். எனக்குப் போதும்."

மரிக்கொழுந்து இலையைப் பார்த்தது. வடிவைப் பார்த்தது. மறுபடி இலையைப் பார்த்தது. உடனே ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

"என் மகன் தோத்துட்டான்னு சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தியா?"

"மரிக்கொழுந்து, பேச நேரமில்லை."

"உன் மகன் ரெண்டு பேரை அடிச்சான், அதையும் சொல்லிக்காட்டு! உன் பிச்சையிலே நான் போய் உட்காரணும், நாளைக்குக் காடு முழுக்க நீ சொல்லிக்கிட்டுத் திரியணும். அதானே?"

வடிவு கொஞ்சம் விலகிப் போய், கரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு கூச்சல். எதிரணியில் ஒருவன் விழுந்துவிட்டான். துடியன் மறுபடி களத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

மரிக்கொழுந்து அப்போதும் கல்லின் முன்னால்தான் நின்றது. எடுப்பதா வேண்டாமா? எடுத்தால் வடிவு பெரியவளாகிவிடுவாள். எடுக்காவிட்டால் துடியன்? இப்படியே அது மனத்துக்குள் ஏழெட்டு முறை போய் வந்தது.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..."

மீண்டும் துடியனின் குரல்!

மரிக்கொழுந்து இலையைக் கவ்வியது. ஓடியது. வாயை அசைக்காமல் ஓடியது. ஆமையின் முன்னால் இலையை வைத்தது.

ஆமை எண்ணியது. எண்ண ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் இலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்த்தது. "ஒன்று. சரி. போகலாம்."

மரிக்கொழுந்து உள்ளே பாய்ந்தது. அதே நொடியில் நின்றவர் நிற்க, உட்கார்ந்தவர் எல்லாரும் குதித்து எழுந்தார்கள். மரிக்கொழுந்துக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள். வால்கள். தலைக்கு மேல் பறந்த புழுதி. பிறகு ஒரே சிரிப்பு, ஒரே ஆரவாரம். "துடியன்! துடியன்!" என்று மேற்குக் கரை முழுவதும் கத்தியது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. மேற்குக் கரை ஜெயித்துவிட்டது.

காட்டுப்பன்றி துடியனைத் தன் முதுகில் ஏற்றிக் களத்தை மூன்று சுற்று சுற்றியது. பிறகு இறக்கிவிட்டது. துடியன் புழுதியோடு ஓடி வந்தது. முகமெல்லாம் செம்மண்.

"அம்மா! பார்த்தியா? முதல் தடவை உன்னைக் காணோம். மூச்சு விட்டுட்டேன். ரெண்டாவது தடவை யாரையும் பார்க்கலை. கண்ணை மூடிக்கிட்டுப் பாடினேன். கடைசியிலே என்ன பண்ணினேன், பார்த்தியா?"

"பார்த்தேன்டா என் ராசா! பார்க்காம இருப்பேனா?" என்றது மரிக்கொழுந்து.

"நாலு பேர் என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க! நான் இழுத்துக்கிட்டே வந்து கோட்டைத் தொட்டேன். எதாலே தொட்டேன், சொல்லு?"

மரிக்கொழுந்து ஒரு கணம் தயங்கியது. "வலது காலாலே" என்றது.

துடியன் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அதன் துள்ளல் நின்றுவிட்டது.

"காலாலே இல்லம்மா. நாலு காலையும் பிடிச்சுக்கிட்டாங்களே" என்றது மெதுவாக. "மூக்காலே தொட்டேன். அதுக்குத்தான் எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க."

அடுத்தவருக்குக் கிடைத்த இடத்தைப் பார்த்து வயிறு எரிகிறவர், தமக்குக் கிடைத்த இடத்தைத் தாமே விலை கொடுத்து இழப்பார்.